தொண்டையில் நிற்கும் சொல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பேசத் தயங்குபவர்கள் தங்கள் சங்கடங்களை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை "எனக்குத் தன்னம்பிக்கை இல்லை" என்ற வாக்கியத்தோடுதான் தொடங்கின. ஆனால் ஒவ்வொன்றையும் இறுதிவரை படித்தபோது, அதை எழுதியவர் வீட்டில் சரளமாகப் பேசுபவராகவும், கடைக்காரரிடம் பேரம் பேசத் தெரிந்தவராகவும், நெருங்கியவர்களிடம் வாதாடி வெல்பவராகவும் இருப்பதையும், குறிப்பிட்ட ஓர் இடத்திலோ குறிப்பிட்ட சிலர் முன்னிலையிலோ மட்டுமே அவருடைய சொல் தொண்டையில் நின்றுவிடுவதையும் கண்டேன். கல்லூரியில் இருபத்தாறு ஆண்டுகள் பாடம் நடத்தியபோது மாணவர்களிடமும் இதையேதான் பார்த்தேன். ஆகவே தன்னம்பிக்கை என்ற பெரிய சொல்லைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, பேச்சு எந்த இடத்தில் நிற்கிறது, அங்கே ஏன் நிற்கிறது என்பதைப் பார்க்கலாம்.

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவன் நான். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாக டெஸ்டிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். வேலை எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஆன்லைன் மீட்டிங்கில் ஒரு கேள்வி வரும்போது, பதிலை மனதுக்குள் ஆங்கிலத்தில் கோத்து முடிப்பதற்குள் வேறொருவர் சொல்லிவிடுகிறார். மேலாளர் மதிப்பீட்டில் "கம்யூனிகேஷன் போதாது" என்று இரண்டாம் முறையாக எழுதிவிட்டார். நான் கூச்ச சுபாவம் உள்ளவன் என்பதால்தான் இப்படியா?

பதில்: உங்கள் கடிதத்தில் "கோத்து முடிப்பதற்குள்" என்று எழுதியிருக்கிறீர்களே, நோய் என்ன என்பதை நீங்களே அந்த இரண்டு சொற்களில் கண்டுபிடித்துவிட்டீர்கள். இதைக் கூச்சம் என்று சொல்வது பொருந்தாது. இது நேரக் கணக்கு. ஜப்பானிய மொழி முதல் டேனிஷ் மொழி வரை பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டு 2009ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, ஒருவர் பேசி முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடையிலான இடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவே இருப்பதைக் காட்டியது. அதே வேளையில், ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்ல வேண்டும் என்றால் அந்த ஒற்றைச் சொல்லைத் தேடி எடுத்து உச்சரிக்கவே நம் மூளைக்கு அரை நொடிக்கு மேல் தேவைப்படுகிறது. அப்படியென்றால் உடனுக்குடன் பதில் சொல்பவர்கள் எல்லோரும் எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்கு முன்பே தங்கள் பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள் என்று பொருள். தாய்மொழியில் அந்தத் தயாரிப்பு தானாக நடந்துவிடுகிறது; இரண்டாவது மொழியில், அதுவும் மொழிபெயர்த்துப் பேசும் பழக்கம் உள்ளவருக்கு, கூடுதலாக ஒரு நொடி ஆனாலும் வாய்ப்பு கைமாறிவிடுகிறது. ஆன்லைன் மீட்டிங்கில் ஒலி வந்து சேரும் தாமதமும் இதோடு சேர்ந்துகொள்கிறது. நேரில் என்றால் நீங்கள் மூச்சை இழுத்துப் பேச வாயெடுப்பதை நாலு பேர் பார்த்து வழிவிடுவார்கள். திரையில் அது தெரிவதில்லை.

அந்த ஒரு நொடியை மீட்டுக்கொள்வதற்கான வழியைத்தான் நீங்கள் தேட வேண்டும். என் மாணவர்கள் பலருக்கு உதவிய வழி, யோசிக்காமலே வாயில் வந்துவிடும் அளவுக்குப் பழகிய இரண்டு மூன்று தொடக்க வாக்கியங்களை வைத்துக்கொள்வது. "ஐ ஹேவ் சம்திங் டு ஆட் ஹியர்" என்பது போன்ற ஒரு வாக்கியத்தைச் சொல்ல இரண்டு நொடி ஆகும். அந்த இரண்டு நொடியில் பேசும் வாய்ப்பு உங்களுடையதாகிவிடுகிறது. மீதிப் பதிலைக் கோக்க மனத்துக்கு நேரமும் கிடைத்துவிடுகிறது. இடையில் யாராவது குறுக்கிட்டால் சொல்வதற்கு "லெட் மீ ஃபினிஷ் திஸ் பாயின்ட்" என்ற வாக்கியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றை மனதுக்குள் சொல்லிப் பார்த்துப் பயனில்லை. குளியலறையிலோ மொட்டை மாடியிலோ வாய்விட்டு, அந்த வாக்கியம் அலுத்துப்போகும் வரை சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பழக வேண்டியவை உதடும் நாக்கும்தான்.

இரண்டாவதாக, மீட்டிங் தொடங்கிய முதல் ஐந்து நிமிடத்துக்குள் எதையாவது பேசிவிடுங்கள். காலை வணக்கமாக இருக்கலாம், "என் திரை தெரிகிறதா" என்ற கேள்வியாக இருக்கலாம். நாற்பது நிமிடம் மௌனமாக இருந்துவிட்டு நாற்பத்தோராவது நிமிடத்தில் வாய் திறப்பது எவ்வளவு தேர்ந்த பேச்சாளருக்கும் கடினம். மூன்றாவதாக, உங்கள் முறை உறுதியாக வரும் அன்றாட நிலவர அறிக்கையை முந்தைய நாளே மூன்று வாக்கியமாக எழுதி வையுங்கள்: நேற்று எதைச் சோதித்து முடித்தேன், எந்தப் பிழையில் வேலை நிற்கிறது, அதைத் தீர்க்க யாரிடமிருந்து என்ன வேண்டும். இந்த மூன்றாவது வாக்கியத்தைப் பெரும்பாலானோர் சொல்வதில்லை. அதைத் தெளிவாகச் சொல்பவரைத்தான் குழு நினைவில் வைத்துக்கொள்கிறது. நேரலையில் முந்த முடியாத நாளில் சாட் பெட்டியில் "இதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது, சொல்லலாமா?" என்று எழுதிவிடுங்கள். அதைப் படிக்கும் மேலாளர் உங்கள் பெயரைச் சொல்லி அழைப்பார், அப்போது யாரோடும் ஓட வேண்டிய தேவை இராது.

மேலாளரின் மதிப்பீட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "கம்யூனிகேஷன் போதாது" என்பது எதையும் திருத்திக்கொள்ள உதவாத குறிப்பு. அவரிடம் தனியாக நேரம் கேட்டு, "கடந்த மூன்று மாதத்தில் நான் பேசியிருக்க வேண்டிய இடம் என்று உங்களுக்குத் தோன்றிய ஒன்றிரண்டைச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் சுட்டிக்காட்டுவது இலக்கணமா, உச்சரிப்பா, மௌனமா என்பது அப்போது தெரியும். பல நேரம் அது மௌனமாகத்தான் இருக்கும். தமிழ்வழியில் படித்ததைக் குறையாக நினைத்துக்கொண்டு எழுதியிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. ஒரு பொருளைத் தாய்மொழியில் புரிந்துகொண்டவருக்கு அதை இன்னொரு மொழியில் சொல்வதற்கான சொற்கள் மட்டுமே தேவை. பொருளே புரியாமல் சொற்களை மட்டும் வைத்திருப்பவரின் நிலைதான் கடினமானது.

கேள்வி: நான் ஒரு சிற்றூரில் மகளிர் சுய உதவிக் குழுவில் ஊக்குநராக இருக்கிறேன். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் சரியாக வருவதில்லை. கிராம சபையில் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் போகிறேன். மைக் கையில் வந்ததும் நா வறண்டு, கை நடுங்கி, "ஒன்றுமில்லை" என்று கொடுத்துவிடுகிறேன். குழுக் கூட்டத்தில் நன்றாகப் பேசும் எனக்கு அங்கே மட்டும் ஏன் இப்படி ஆகிறது?

பதில்: திருக்குறளில் அவையறிதல் 72ஆம் அதிகாரம், அவையஞ்சாமை 73ஆம் அதிகாரம். அவையை அறிவதை முதலில் வைத்து, அஞ்சாமையை அதற்கு அடுத்து வைத்த அந்த வரிசையை நான் நெடுநாள் கவனிக்காமலே இருந்திருக்கிறேன். பயிற்சி வகுப்புகள் நடத்தத் தொடங்கிய பிறகுதான் அதன் அருமை புரிந்தது. குழுக் கூட்டத்தில் யார் எங்கே உட்காருவார்கள், எது முதலில் பேசப்படும், எழுதி வைப்பவர் யார், எதிர்ப்பவர் யார் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். கிராம சபையைப் பற்றி அந்த அளவுக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் வரும் நடுக்கம் அது. ஆகவே அந்த அவையை முதலில் அறிந்துகொள்வோம்.

கிராம சபை யாரும் உங்களுக்குச் சலுகையாகத் தரும் மேடை அன்று. 1992ஆம் ஆண்டின் 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அதற்கு இடம் தந்தது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் அதை நடைமுறைப்படுத்தியது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். மைக் பிடித்திருக்கும் தலைவருக்கு உள்ள அதே உறுப்பினர் தகுதி அதில் உங்களுக்கும் உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கூட்டம் நடைபெறுகிறது. இவற்றில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். உங்கள் கோரிக்கைக்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. மக்கள்தொகை மூவாயிரத்துக்கு மேல் பத்தாயிரம் வரை இருந்தால் 200 பேர், ஐந்நூறு முதல் மூவாயிரம் வரை இருந்தால் 100 பேர் என்று குறைந்தபட்ச வருகைக்கு ஒரு கணக்கு உண்டு. உங்கள் குழுவினரும் பக்கத்துத் தெருக் குழுவினரும் வராவிட்டால் அந்த எண்ணிக்கை நிறைவது பல ஊர்களில் சிரமம். அந்த அவைக்கு நீங்கள் தேவைப்படுகிறீர்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அங்கே பேச்சைவிட எழுத்துக்கு மதிப்பு அதிகம். தீர்மானப் பதிவேட்டில் ஏறியதுதான் நிற்கும். எனவே உங்கள் குறிக்கோள் நல்ல உரை நிகழ்த்துவது என்று வைத்துக்கொள்ளாமல், ஒரு தீர்மானத்தைப் பதிவேட்டில் ஏற்றுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு நிமிடப் பேச்சு போதும். ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்கு ஒரு வாரம் உழைக்க வேண்டும். ஏழு நாளும் எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது, எத்தனை நிமிடம் வந்தது, எத்தனை வீட்டுக்கு எத்தனை குடம் கிடைத்தது என்று ஒரு நோட்டில் குறியுங்கள். நீங்கள் பிடிக்கும் குடம் எத்தனை லிட்டர் என்று அளந்துகொள்ளுங்கள். கிராம வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். உங்கள் நோட்டில் உள்ள எண்ணை அதன் பக்கத்தில் வைத்தால், "தண்ணீர் சரியாக வருவதில்லை" என்ற புலம்பல் மறுக்க முடியாத கணக்காக மாறிவிடும். எண்களைக் கையில் வைத்திருப்பவரின் குரல் நடுங்கினாலும் எண்கள் நடுங்குவதில்லை.

கூட்டத்துக்கு முன்தினம் டேங்க் ஆபரேட்டரிடம் பேசுங்கள். குறை வால்வில் இருக்கிறதா, மோட்டாரில் இருக்கிறதா என்று அவருக்குத்தான் தெரியும். அவரைக் குற்றம் சாட்டுவது போலப் பேசாமல், அவரையும் சாட்சியாக வைத்துக்கொண்டு பேசினால் வேலை நடக்கும். ஊராட்சிச் செயலரிடம் உங்கள் கோரிக்கையை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள். மறுநாள் அரை மணி முன்னதாகப் போய், ஆள் சேராத அந்த இடத்தில் மைக் இருக்கும் பக்கம் ஒருமுறை நின்று பாருங்கள். உங்களோடு இரண்டு பெண்களை முன்வரிசையில் உட்கார வைத்து அவர்கள் முகத்தைப் பார்த்தே பேசுங்கள். நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டே படியுங்கள், அதில் வெட்கம் ஏதும் இல்லை. "எங்கள் தெருவில் இத்தனை வீடு. ஏழு நாளில் கிடைத்த தண்ணீர் இவ்வளவு. கிடைக்க வேண்டியது இவ்வளவு. இதைச் சரிசெய்யத் தீர்மானம் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்." இந்த நான்கு வாக்கியங்களோடு மைக்கைக் கொடுத்துவிட்டு, உட்காராமல் நில்லுங்கள். தீர்மானம் எழுதப்பட்டு வாசித்துக் காட்டப்படும் வரை நிற்பதும் பேச்சின் ஒரு பகுதிதான்.

கேள்வி: தகவல்தொடர்பில் சொற்களின் பங்கு 7 சதவீதம்தான், மீதி 93 சதவீதம் குரலும் உடல்மொழியும் என்று எங்கள் கல்லூரிக்கு வந்த பயிற்சியாளர் கூறினார். கண்ணாடி முன் நின்று கைகளை அசைக்கப் பழகி வருகிறேன். பேசும்போது கவனம் முழுவதும் கைகள்மீதே போய், சொல்ல வந்தது மறந்துவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: கைகளை விட்டுவிடுங்கள். அந்த எண்கள் ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967ஆம் ஆண்டில் வெளியிட்ட இரண்டு சிறு ஆய்வுகளை இணைத்து உருவானவை. ஒலிப்பதிவில் ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியில் சொல்லவைத்தும், முகபாவப் படங்களைக் காட்டியும், பேசுபவருக்குக் கேட்பவர்மீது விருப்பமா வெறுப்பா என்று ஊகிக்கச் சொன்ன ஆய்வுகள் அவை. சொல் ஒன்று சொல்ல, முகம் வேறொன்று சொன்னால், பேசுபவரின் மனநிலையை அறிய நாம் முகத்தையே நம்புகிறோம் என்பதுதான் அதன் சாரம். உணர்ச்சியைப் பற்றிய பேச்சுக்கு மட்டுமே அந்தக் கணக்கு பொருந்தும் என்று அவரே பலமுறை விளக்கியிருக்கிறார். ஆயினும் அரை நூற்றாண்டாகப் பயிற்சி வகுப்புகளில் அது எல்லாப் பேச்சுக்குமான விதியாகச் சொல்லப்பட்டு வருகிறது. தொலைக்காட்சியில் ஒலியை நிறுத்திவிட்டுச் செய்தி வாசிப்பவரை ஐந்து நிமிடம் பாருங்கள். 93 சதவீதம் புரிகிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

சொல்ல வந்த பொருளில் உங்களுக்கு ஈடுபாடு இருந்தால் கைகள் தாமாக அசையும். வீட்டில் தொலைபேசியில் பேசும்போதுகூட, யாரும் பார்க்காத நிலையிலும், நாம் கையை ஆட்டித்தான் பேசுகிறோம். கண்ணாடி முன் செலவழிக்கும் அரை மணியை, நாளை பேச வேண்டிய பொருளை வீட்டில் உள்ள ஒருவருக்கு, உங்கள் அப்பாவுக்கோ பாட்டிக்கோ, சொல்லிப் புரியவைப்பதில் செலவிடுங்கள். அவர்கள் எந்த இடத்தில் "என்னப்பா சொல்றே?" என்று கேட்கிறார்களோ அந்த இடத்தில்தான் உங்கள் உரையில் குறை இருக்கிறது.

கேள்வி: மதுரைப் பக்கம் ஊர். வயது 34, தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. திருமண வீடுகளுக்குப் போனால் யாரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். எல்லோரும் என்னையே கவனிப்பது போலத் தோன்றுகிறது. "இன்னும் கல்யாணம் ஆகலையா?" என்ற கேள்விக்குப் பயந்தே பல விசேஷங்களைத் தவிர்த்துவிட்டேன்.

பதில்: எல்லோரும் கவனிக்கிறார்கள் என்ற எண்ணத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் அவருடன் பணியாற்றியவர்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வில், போட்டுக்கொள்ளக் கூச்சப்படும்படியான படம் அச்சிட்ட சட்டையை ஒரு மாணவருக்கு அணிவித்து, பலர் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் ஏறத்தாழப் பாதிப் பேர் அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று இப்படிச் சட்டை அணிந்து போனவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால் பங்கினர்தான். கல்யாண வீட்டில் இந்தக் கணக்கு இன்னும் குறையும் என்பது என் எண்ணம், ஏனென்றால் அங்கே ஒவ்வொருவருக்கும் தன் புடவை, தன் பிள்ளை, தன் பந்தி இடம் என்று ஆயிரம் கவலை.

ஆனால் இந்த அறிவு மட்டும் உங்கள் காலை மண்டபத்துக்குள் நகர்த்தாது. உங்களுக்கு நான் சொல்லும் வழி, கையில் ஒரு வேலையை வாங்கிக்கொள்வது. உங்கள் பக்கத்தில் மொய் எழுதும் வழக்கம் வலுவாக இருக்கிறது. நீங்களோ கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர். நெருங்கிய உறவினர் வீட்டு விசேஷத்தில் மொய் நோட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுங்கள். "எந்த ஊருங்க? யார் பேர்ல எழுதணும்?" என்ற இரண்டு கேள்விகளைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, வரும் ஒவ்வொருவரும் தாமே உங்களிடம் வந்து தம் ஊரையும் பெயரையும் சொல்வார்கள். மதியத்துக்குள் இருநூறு பேருடன் பேசியிருப்பீர்கள், ஒரு முறைகூட என்ன பேசுவது என்று தவித்திருக்க மாட்டீர்கள். அதற்கு நம்பகமான வேறு ஆள் இருந்தால், வாசலில் சந்தனமும் கற்கண்டும் நீட்டலாம், பந்தியில் தண்ணீர் பாட்டில் வைக்கலாம். நம் முன்னோர் விசேஷ வீடுகளில் இளைஞர்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்ததில் கூச்சத்தைப் போக்கும் நல்ல ஏற்பாடு இருந்தது. இன்று எல்லாவற்றையும் காண்டிராக்டரிடம் விட்டுவிட்டு, விருந்தினர்களை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டோம்.

வேலை எதுவும் கிடைக்காத இடத்தில், "நீங்க பொண்ணு வீட்டுப் பக்கமா, மாப்பிள்ளை வீட்டுப் பக்கமா?" என்ற கேள்வி எப்போதும் கைகொடுக்கும். பதிலில் ஓர் ஊரோ உறவுமுறையோ கட்டாயம் வரும். அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்கலாம். பேச்சுத்திறன் என்று நாம் மெச்சுவதில் பெரும்பகுதி, முந்தைய பதிலில் இருந்த ஒரு சொல்லைக் கவனித்து, அதைப் பற்றி மேலும் கேட்பதுதான். கல்யாணக் கேள்விக்கு ஒரே பதிலை முடிவு செய்துகொண்டு, எல்லோரிடமும் அதையே சொல்லுங்கள்: "பார்த்துக்கிட்டு இருக்காங்க பெரியம்மா, அமைஞ்சதும் மொதல்ல உங்களுக்குத்தான் சொல்வேன். மூட்டுவலி இப்போ எப்படி இருக்கு?" கேட்டவர் மூட்டுவலியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். அதை அக்கறையோடு கேளுங்கள், தப்பிக்கும் உபாயமாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. பேசும்போது முதல் எழுத்திலேயே திக்குகிறான். "நிறுத்தி நிதானமாகச் சொல்லு" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன். உறவினர்கள் நாக்கில் வசம்பு தேய்க்கச் சொல்கிறார்கள். பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்வதால் வாயே திறப்பதில்லை.

பதில்: வசம்பு வேண்டாம், "நிதானமாகச் சொல்லு" என்பதும் வேண்டாம். திக்கல், நாக்கு தடித்திருப்பதால் வருவதன்று. சோம்பலாலோ பயத்தாலோ வருவதும் அன்று. பேச்சை ஒழுங்குபடுத்தும் மூளையின் வேலையில் உள்ள வேறுபாடு அது. மரபும் அதற்கு ஒரு காரணம். சிறு வயதில் திக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது தானாகச் சரியாகிவிடும் என்றாலும், ஒன்பது வயதிலும் தொடர்ந்தால் காத்திருக்கக் கூடாது. அருகில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பேச்சுப் பயிற்சியாளர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். மைசூரில் இதற்கெனவே உள்ள அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் அறுபதுகளிலிருந்து இயங்கி வருகிறது.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது: அவன் திக்கும் சொல்லை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். முகத்தைத் திருப்பாமல், என்ன சொல்கிறான் என்பதை மட்டும் கவனித்துக் காத்திருங்கள். உங்கள் பேச்சின் வேகத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். அவனைக் குறைக்கச் சொல்வதைவிட அது பயன் தரும். வகுப்பாசிரியரைச் சந்தித்து, வாசிக்க வேண்டிய முறை வரும்போது இன்னொரு மாணவனோடு சேர்ந்து வாசிக்கவிடும்படி கேளுங்கள். சேர்ந்து வாசிக்கும்போதும் பாடும்போதும் திக்கல் பெரிதும் குறைகிறது என்பது நன்கு அறியப்பட்ட உண்மை. கேலியைப் பற்றியும் ஆசிரியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவன் வாய் திறக்காமல் போனதற்குத் திக்கலைவிடக் கேலிதான் காரணம்.

கேள்வி: வங்கியில் பணிபுரிகிறேன். அடுத்த மாதம் மண்டல அளவிலான கூட்டத்தில் எங்கள் கிளையின் சார்பில் பத்து நிமிடம் பேச வேண்டும். இப்போதே நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வரவில்லை. இந்தப் படபடப்பை எப்படி நிறுத்துவது?

பதில்: நிறுத்த முயல வேண்டாம் என்பதே என் பதில். ஹார்வர்டு வணிகப் பள்ளியின் அலிசன் வுட் புரூக்ஸ் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், மேடையேறும் முன் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களின் உரை கேட்பவர்களுக்குச் சிறப்பாகப் பட்டது. உடலைப் பொறுத்தவரை அச்சமும் ஆர்வமும் ஒரே படபடப்புதான். வேகமாக ஓடும் நெஞ்சை நிற்க வைப்பது கடினம், அந்த ஓட்டத்துக்கு வேறு பெயர் வைப்பது எளிது.

லண்டனில் வழக்கறிஞர் பட்டம் பெற்று 1891இல் நாடு திரும்பிய காந்தி, மும்பையின் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் தம் முதல் வழக்கில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது, கேட்க ஒரு கேள்வியும் தோன்றவில்லை. உட்கார்ந்துவிட்டு, வேறு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும்படியும் தமக்குத் தந்த 30 ரூபாயைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படியும் கூறிவிட்டு வெளியேறினார். 1893இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் அதே மனிதர், அங்கிருந்த இந்திய வணிகர்கள் கூடியிருந்த ஒரு வீட்டில் தம் வாழ்வின் முதல் பொது உரையை நிகழ்த்தினார். இரண்டே ஆண்டில் அவருடைய சுபாவம் மாறிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. எதிரில் இருந்தவர்கள் யார், அவர்களுக்கு என்ன குறை என்று இம்முறை அவருக்குத் தெரிந்திருந்தது. வணிகத்தில் உண்மை பேசுவது என்ற பொருளைத் தயாரித்துக்கொண்டு போயிருந்தார்.

நீங்களும் அந்தக் கூட்டத்துக்கு யார் யார் வருகிறார்கள், உங்கள் கிளையைப் பற்றி அவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும், முடிவில் அவர்கள் என்ன முடிவெடுக்க வேண்டும் என்று இந்த வாரமே விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். உரை முழுவதையும் மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு சொல் நழுவினால் மொத்தமும் சரிந்துவிடும். முதல் இரண்டு வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்து, நடுவில் உள்ளதை ஐந்தாறு சொல் குறிப்பாக ஓர் அட்டையில் எழுதுங்கள். வாய்ப்பிருந்தால் உங்கள் நகரில் மேடைப்பேச்சு பழகுவோர் கூடும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றம் ஒன்றுக்கு விருந்தினராகப் போய் வாருங்கள். 1924இல் கலிபோர்னியாவில் தொடங்கிய அந்த அமைப்புக்குச் சென்னையிலும் கோவையிலும் மன்றங்கள் உள்ளன. அங்கே புதியவரின் முதல் உரை நான்கு முதல் ஆறு நிமிடம்தான். நேரம் முடிவதைப் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள் காட்டும்; எத்தனை முறை "ம்ம்", "அதாவது" என்று இழுத்தீர்கள் என்று எண்ணிச் சொல்லவும் ஓர் உறுப்பினர் இருப்பார்.

தூக்கமின்மை இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தொடர்ந்தாலோ, இந்தக் கூட்டத்துக்காகப் பதவி உயர்வையே மறுத்துவிடலாம் என்று எண்ணம் வந்தாலோ, அதை வெறும் மேடைக்கூச்சமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சமூக அச்சம் என்பது மருத்துவர்கள் அறிந்த, சிகிச்சையால் நன்கு குறையும் ஒரு நிலை. மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில், எந்த நேரத்திலும், கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலேயே பேசலாம்.